ஜூன் முதல் தேதித் தாள்

புத்தாண்டுத் தீர்மானம் எதுவும் என்னிடம் பொங்கல் வரை தாங்கியதில்லை. ஆரம்ப சூரத்தனம் என்பாள் என் மனைவி. அதை நான் மறுத்ததுமில்லை. ஒரு வருடம் ஜனவரி முதல் தேதி விடியற்காலையில் எழுந்து நடக்கப் போனேன். நான்காம் நாள் பனி ஜாஸ்தி என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். இன்னொரு வருடம் தினமும் டைரி எழுதுவது என்று முடிவு செய்து, ஆறு பக்கம் எழுதினேன். மிச்சப் பக்கங்களில் என் மகள் வகுத்தல் கணக்குப் போட்டுப் பழகினாள்.

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு இரும்புக்கடை இருக்கிறது. மண்வெட்டி, கடப்பாரை, கயிறு, சங்கிலி, பூட்டு, தார்ப்பாய், ஆணி. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, எந்தச் சரக்கை எந்த மாதம் இறக்குவது என்பதுதான். பொங்கலுக்கு முன்னால் மாட்டுக் கயிறும் சுண்ணாம்பு அடிக்கிற பிரஷும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் பூட்டு. மழைக்கு முன்னால் தார்ப்பாய். எல்லாவற்றையும் ஜனவரியிலேயே இறக்கினால் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு டிசம்பர் கடைசியில், தீர்மானங்களிலும் நான் செய்த பிழை இதுதான் என்று தோன்றியது. மாதத்துக்கு ஒன்றாக இறக்கினால் போதும்.

அந்தச் சமயத்தில் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கத் தினசரி காலண்டர்கள் வந்து இறங்கியிருந்தன. கடை பெயர் போட்டு வருடாவருடம் அடிப்போம். லட்சுமி படம், முருகன் படம், மாதா படம், மெக்கா படம் என்று ஆளுக்கேற்ற மாதிரி. யாருக்கு எது என்று முகத்தைப் பார்த்தே எடுத்து நீட்டுவேன். எதிலும் சேராத அருவிப் படம் ஒன்று மிஞ்சியிருந்தது. அதை எனக்கென்று எடுத்து வைத்து, ஒவ்வொரு மாதமும் முதல் தேதித் தாளில் நீலப் பேனாவால் ஒரு தீர்மானம் எழுதினேன். ஜனவரியில் நடை. பிப்ரவரியில் சர்க்கரை இல்லாத டீ. மார்ச்சில், வாடிக்கைக்காரர்களிடம் எரிந்து விழக்கூடாது. இப்படிப் போகும். ஜூன் முதல் தேதியில் எழுதும்போது மட்டும் கடையில் யாரும் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

'தம்பியோடு பேச வேண்டும். அத்தாவை அடக்கியதில் அவசரப்பட்டது நான்தான் என்று சொல்ல வேண்டும்' என்று எழுதினேன்.

அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் தகப்பனாரை அத்தா என்போம். அவர் மௌத்தானபோது தம்பி துபாயில் இருந்தான். செய்தி போனவுடன் டிக்கெட் எடுத்துவிட்டான். சாயங்காலம் சென்னையில் இறங்கிவிடுவேன், ராத்திரிக்குள் ஊர் வந்துவிடுவேன், அதுவரை வையுங்கள் என்று போனில் அழுதான். ஃப்ரீசர் பெட்டி கொண்டுவர ஆள் தயாராக இருந்தார். ஜமாஅத்தில் இருந்தவர்கள்கூட, பெரிய மகன் நீ சொல்கிறபடி செய்கிறோம் என்றார்கள். மையத்தை, உயிர் போன உடலை, அடக்கத் தாமதிக்கக் கூடாது என்று நான் ஒரே பிடியாக நின்றேன். அஸர் தொழுகைக்குப் பிறகு, பொழுது சாய்வதற்கு முன்பே, அடக்கம் முடிந்தது. தம்பி வந்து சேர்ந்தபோது வீட்டில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகக் கபர்ஸ்தானுக்குப் போய் வந்தான், மூன்று நாள் இருந்தான், போய்விட்டான். பிறகு வெளிநாட்டை விட்டுவிட்டு வந்து தியாகதுருகத்தில் செல்போன் கடை வைத்தான். பஸ்ஸில் அரை மணி நேரம். எங்கள் மனைவிமார் பேசிக்கொள்வார்கள், பிள்ளைகள் சேர்ந்து விளையாடும். நாங்கள் இருவரும் பேசி அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது.

மார்க்கம் என் பக்கம் இருக்கிறது என்று ஆறு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற ஆள் நான். அப்படியும் ஜூன் தாளில் அதை எழுதியதற்குக் காரணம், ஜூன் ரொம்ப தூரத்தில் இருந்ததுதான்.

ஜனவரி முதல் வாரம் கடையில் கூட்டம். காலண்டர்கள் பறந்தன. கூட்டம் அடங்கிய பிறகு கல்லாவுக்குக் கீழே கையை விட்டால் என் அருவிப் படத்தைக் காணோம். வேறு யாரும் எடுத்திருக்க முடியாது, நான்தான் எவருக்கோ நீட்டியிருக்கிறேன். யாருக்கு என்று நினைவில்லை. தீர்மானங்கள் இந்த வருடம் பொங்கலுக்கு முன்பே போய்ச் சேர்ந்தன என்று விட்டுவிட்டேன். சொல்லப்போனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி கடைசியில் ஒரு பெண் கிணற்றுக் கயிறு வாங்க வந்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகிற ரோட்டோரம் புருஷனும் அவருமாக டீக்கடை நடத்துகிறார்கள். மாதம் ஒருமுறை சாமான் வாங்கக் கீழே வருவார். கயிற்றை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தேன்.

"பாய், சர்க்கரைய வுட்டீங்களா இல்லியா?" என்றார்.

"எந்தச் சர்க்கரை?"

"நீங்கதான எழுதிக் குடுத்திருக்கீங்க. எங்க கடைல எல்லாம் படிச்சிட்டுச் சிரிச்சிக்கினு கெடக்கறாங்க. ரெண்டு பேரு நெசமாவே சர்க்கரைய வுட்டுட்டானுங்க. எனக்கு அந்த மட்டும் லாபம்."

அளந்த கயிறு எத்தனை முழம் என்று மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து அளந்தேன். அந்தக் காலண்டரைக் கொண்டுவந்து கொடுத்துவிடம்மா, நல்ல முருகன் படமாகத் தருகிறேன் என்றேன்.

"மாட்டின காலண்டர வருசம் முடியாம எறக்க மாட்டோம் பாய். குடும்பத்துக்கு ஆவாது."

"அப்போ உள்ளே இருக்கிறதெல்லாம் படிச்சாச்சா?"

"ஐயோ, வராத நாள யாராவது தூக்கிப் பாப்பாங்களா? அந்தந்த நாளு அந்தந்த நாளு."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது. மார்ச்சில் அவர் வந்தபோது, "எரிஞ்சி வுழாம இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, கடையில் நின்றிருந்த மற்றவர்களிடமும் விவரம் சொன்னார். எரிந்து விழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் ஆணி எடை போட்டேன். ஏப்ரலில் மதியத் தூக்கத்தைப் பற்றி விசாரித்தார். ஒரு மாதம் போகப் போக ஜூன் கிட்டே வந்துகொண்டிருந்தது. மலையில் எவன் படித்தால் எனக்கென்ன என்று இருந்துவிட முடியாது. அங்கே குடிக்கிற டீயின் பேச்சு மறுநாள் கச்சிராயபாளையம் சந்தைக்கு வந்துவிடும், அதற்கடுத்த நாள் எங்கள் கடைவீதிக்கு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தம்பியின் காதுக்கு அது என் வாயால் போகாமல் எவனோ டிரைவர் வாயால் போகும்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுதுவிட்டு, மலைக்குப் பலாப்பழம் வாங்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லி பஸ் ஏறினேன். அந்தத் தாளை மட்டும் கிழித்துக்கொண்டு வந்துவிடுவது என்பது திட்டம். என் வாழ்க்கையில் குறித்த தேதிக்கு முன்பே ஒரு காரியத்தில் இறங்கியது அதுதான் முதல் தடவை.

டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள். கண்ணாடி பாட்டில்களுக்கு மேலே, நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், என் அருவி தொங்கியது.

"இவருதான் காலண்டர் பாயி," என்று அந்தப் பெண் எல்லோருக்கும் சொன்னார். பெஞ்சில் இடம் விட்டார்கள். லோடு வண்டி ஓட்டுகிற ஒருவர், ஜனவரியில் நீங்கள் எழுதியதைப் பார்த்து நடக்க ஆரம்பித்து இன்னும் நடக்கிறேன் என்றார். அவர் விளையாடவில்லை. என்னைக் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீயை நீட்டினார்கள். நான் எழுதியதை நான் குடித்துத்தானே ஆகவேண்டும். கசந்தது. நான் செய்யாததை யாரோ செய்துகொண்டிருக்கிறார் என்பதில் எனக்குப் பெருமை வரவில்லை, கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது.

அந்தப் பெண் பால் எடுக்கப் பின்பக்கம் போனார். நான் எழுந்து காலண்டர் பக்கம் போனேன். மீதி மே மாதத்தை விரலால் தூக்கி, ஜூன் முதல் தேதியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். அந்தச் சத்தத்துக்கு பெஞ்சில் பேச்சு நின்றது. திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள் என்று சொல்லமாட்டேன். அதைவிட மோசமாக, பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

"இன்னா பாய் கிழிச்சீங்க?" பால் சட்டியோடு அவர் வாசலில் நின்றார்.

"ஒண்ணுமில்லம்மா."

"வராத நாளையா கிழிச்சீங்க?" சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினார். அவர் குரலில் அதுவரை இருந்த கேலி போய்விட்டிருந்தது. "எங்க வூட்டு நாளு அது. குடுங்க."

கொடுத்துவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில், நாலு பேருக்கு நடுவில், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றேன். வெட்கம் காதுவரை சுட்டது. அவர் தாளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வாய்க்குள் படித்தார். டிரைவர், இன்னாக்கா எழுதியிருக்கு என்று எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் தாளை மார்போடு மூடிக்கொண்டு, "ஒன் வேலயப் பாரு" என்றார். பிறகு தாலிக்கயிற்றில் இருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, மே மாதத் தாள்களுக்குப் பின்னால், ஜூன் இரண்டுக்கு முன்னால், தாளை அதன் இடத்தில் குத்தி வைத்தார்.

என்னோடு ரோடு வரை வந்தார். "நாளு வரட்டும் பாய். வந்தா நான்தான் கிழிப்பேன், கிழிக்கறதுக்கு முன்னாடி இவனுங்க படிப்பானுங்க. நான் மறைக்க மாட்டேன். ஒங்க தம்பியாண்ட நீங்க பேசிட்டீங்கன்னா அது வெறும் காயிதம். யாரு படிச்சா இன்னா?"

எனக்குக் கோபம் வந்தது. என் கடையில் கயிறு வாங்குகிற பெண் எனக்குக் கெடு வைக்கிறாளே என்று பஸ்ஸில் கோமுகி அணை வரைக்கும் பொருமினேன். அதற்குப் பிறகு பொருமலும் தீர்ந்துவிட்டது. பயம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வாங்கிய பலாப்பழம் மடியில் கனத்தது. நான் தப்பு என்று சொல்லி, அதற்கு அவன் போனை வைத்துவிட்டால் என்ன செய்வது? ஆறு வருடமாக நான் பேசாமல் இருந்ததற்கு மார்க்கமும் இல்லை, மானமும் இல்லை. இந்தப் பயம்தான் காரணம்.

மே முடிய மூன்று நாள் இருக்கும்போது, காலையில் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுவிட்டு, தம்பிக்குப் போன் செய்தேன். நாலாவது மணியில் எடுத்தான்.

"நான்தான்," என்றேன்.

"தெரியுது. சொல்லு."

எழுதி வைத்திருந்ததை அப்படியே சொன்னேன். அத்தாவை அடக்கியதில் நான் அவசரப்பட்டுவிட்டேன், உனக்காக வைத்திருக்கலாம், ஃப்ரீசர் பெட்டி வரவழைத்திருக்கலாம், நான்தான் வேண்டாம் என்றேன் என்றேன். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. போனை வைக்கவில்லை என்று தெரிந்தது. திட்டுவான் என்று காத்திருந்தேன். அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"அத்தா மொகம் எப்டி இருந்திச்சு?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "என்ன?"

"கடைசியா மூடறப்போ. எப்டி இருந்திச்சு? நான் யார்கிட்டயும் கேக்கல. ஒங்கிட்டதான் கேக்கணும்னு இருந்தேன். நீதான பக்கத்துல இருந்தே."

யோசித்தேன். அன்று நடந்தது எல்லாம் எனக்கு நினைவிருந்தது. குழி எத்தனை அடி வெட்டச் சொன்னேன், பலகை எங்கிருந்து வந்தது, உடலைச் சுற்றுகிற கஃபன் துணிக்கு யாரை அனுப்பினேன், எந்தெந்த ஊருக்குச் சொல்லிவிட்டேன், எல்லாம். முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஹஜ்ரத் சத்தம் கொடுத்ததும் நினைவிருந்தது. அப்போது நான் வாசலில், வழியை அடைத்து நிறுத்தியிருந்த ஒரு வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். நேரமாகிறது, நேரமாகிறது என்று எல்லோரையும் விரட்டிவிட்டு நான் உள்ளே போனபோது முகத்தை மூடித் துணியை முடிந்துவிட்டார்கள். அவிழ்க்கச் சொல்லியிருந்தால் அவிழ்த்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. தூக்குங்கள் என்றேன்.

"சொல்லுண்ணே."

"நான் பாக்கலடா," என்றேன்.

கடைக்கு ஒருவர் வந்து, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டார். கையைக் காட்டி இருக்கச் சொன்னேன். தம்பி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப நாம ரெண்டு பேருமே பாக்கல," என்றான்.