பிரகாசிக்கு மட்டும் கொடுத்தார்கள்

பிரகாசி இறந்த செய்தியை எனக்குச் சொன்னது என்னிடம் சிகிச்சைக்கு வந்திருந்த ஒரு கர்ப்பிணி. “டாக்டரம்மா, நம்ம பிரகாசியம்மா போயிட்டாவளாம்” என்று சொல்லிவிட்டு, நான் ரத்த அழுத்தம் பார்ப்பதைக்கூட மறந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அதற்கு முன்னால் பொறாமை வந்தது. நான் போனால் இவள் இப்படி அழுவாளா? இந்த அஞ்சலியைப் படிக்கும், பிரகாசியை அறிந்த நீங்கள் என்னையும் அறிவீர்கள்; ஒளிக்க ஒன்றுமில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஒரே மருத்துவமனையில் பிரகாசியும் நானும் டாக்டர்களாகப் பிரசவம் பார்த்தோம். கர்ப்பத்தில் சர்க்கரை ஏறிய பெண்களின் குழந்தைகள் சில ஏன் வயிற்றுக்குள்ளேயே இறக்கின்றன என்று கண்டுபிடிக்க இருவருக்குமே வெறி. அதற்கு நச்சுக்கொடியை அறுத்து, அதன் ரத்தக்குழாய்களைப் பார்க்க வேண்டும். ஆனால் வீட்டார் அதை மண்சட்டியில் வாங்கிப் போய்க் கொல்லையில் புதைப்பார்கள். நான் ஆராய்ச்சி, விஞ்ஞானம் என்று விளக்க ஆரம்பித்ததும் சட்டியை இறுக்கிப் பிடித்தபடி நடையைக் கட்டுவார்கள். பிரகாசியோ, “ஒரு துண்டு தாங்க. மிச்சத்த நானே வந்து குழியில வைக்கேன்” என்பாள். சொன்னபடி மாப்பிள்ளையூரணி வரை போய் அவர்கள் கொல்லை வெயிலில் நிற்பாள். அவளுக்கு மட்டும் கொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் என்னை மைக்ரோஸ்கோப் அருகே இழுத்துப் போனாள். “இங்கன பாரு. குழாய்க்கு உள்ள தட்டையாப் படிஞ்சு கிடக்க வேண்டிய செல்லு. சீனி கூடக்கூட வீங்கி, சுவரும் தடிச்சுப் போவுது. பிறவு பிள்ளைக்கு மூச்சு எப்படிப் போவும்?” பார்த்தேன். அவள் சொன்னது தெளிவாகத் தெரிந்தது. கண்டது நானாக இருக்கக் கூடாதா என்றுதான் முதலில் தோன்றியது.

பிறகு நானே கருவுற்றேன். சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தபோது நீல மருந்து செங்கல் நிறமாக மாறிச் சர்க்கரையைக் காட்டியது. கர்ப்பத்தில் இது சகஜம் என்று விட்டுவிட்டேன். “ஏளா, ஊருக்கெல்லாம் சொல்லுத, ஒனக்குச் சொல்ல மாட்டியா?” என்று ரத்தம் எடுத்துப் பார்த்தவள் அவள்தான். என் கையிலிருந்த மக்ரூன் இனிப்பைப் பிடுங்கித் தின்றுகொண்டே இன்சுலின் போட்டாள். மகள் மூச்சுத் திணறித்தான் பிறந்தாள், பிழைத்துக்கொண்டாள்.

அன்று என் கட்டிலருகே வந்து பிரகாசி ஒரு துண்டு கேட்டாள். டாக்டரான நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மிச்சத்த நீதான் குழியில வைக்கணும்.” அவளே வந்து வைத்தாள்.

அவளை அடக்கம் செய்த மறுவாரம், என்னிடம் அழுத பெண்ணுக்குப் பிரசவமானது. நான் ஒரு துண்டு கேட்டேன். “குழிக்கு வருவியளா?” என்றாள் அவள் மாமியார். போனேன். புதைத்து முடித்ததும் என் கையில் தண்ணீர் ஊற்றியபடி, “எங்க பிரகாசியம்மா மாதிரியே நின்னிய” என்றாள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது குழிவரை போகும் இந்த ஒரு வழக்கத்தைத்தான். அதிலும் பேர் அவளுக்கே போகிறது. போகட்டும். ஆனால் என் பொறாமை இன்னும் தீரவில்லை, பிரகாசி.