தண்ணீரில் மூழ்கிய ஏரி

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிரேக் அக்காவிடம் கற்றவர்கள். பெண்கள் அதை வெளிப்படையாகச் சொல்வார்கள். ஆண்கள் தாங்களாகவே பழகிக்கொண்டதாகச் சொல்வார்கள். பழகும் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டல்லவா, அதை மிதிக்கிற மிதியில்தான் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

மருந்துக்கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவே ஒற்றை அறை. அதுதான் பயிற்சிப் பள்ளி. மேசைமேல் நாலைந்து பொம்மைக் கார்கள். யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை அவற்றை உருட்டித்தான் விளக்குவார். சுவர் முழுக்கச் சாலைச் சின்னங்கள். 'நுழையாதே'வுக்கும் 'திரும்பாதே'வுக்கும் நடுவில் ஒரு காது படம். புதிதாக வருகிறவர்கள் அதை 'ஹாரன் அடிக்காதே' என்று மனப்பாடம் செய்துகொள்வார்கள். உரிமத் தேர்வில் அப்படியே ஒப்பித்த ஒரு வங்கிக்காரர், இப்படி ஒரு சின்னமே கிடையாது என்று அதிகாரி சொன்னதும், நேராகப் பள்ளிக்கு வந்து சண்டை போட்டார்.

"அது சின்னம் இல்ல சார், ஏரி," என்றார் அக்கா.

"ஏரிக்கு டிரைவிங் ஸ்கூல்ல என்னம்மா வேலை?"

"அதைத்தான் இவ்வளவு நாளா தொண்டை கிழியச் சொன்னேன். நீங்க கியரையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

ஊருக்கு மேலே, மலைக்காட்டுக்குள் ஓர் அணை. மின்சாரத்துக்காகக் கட்டியது. அக்கா கல்யாணமாகி இங்கே வந்தபோதே அது நிறைந்து நின்றது. கணவருக்கு அங்கே மதகைத் திறந்து மூடும் வேலை. புதுப்பெண்டாட்டிக்குச் சுற்றிக் காட்ட அவரிடம் வேறு என்ன இருக்கிறது? மதகு அறையைக் காட்டினார். சுவரில் நீர்த்தேக்கத்தின் படம் மாட்டியிருந்தது. நீலத்துக்கு அடியில், புள்ளிக் கோட்டில், ஒரு காது.

"இது யாரு காதுங்க?"

"அதுவா? பழைய ஏரி. காது ஏரின்னு சொல்வாங்க. அணை கட்டினப்ப உள்ள போயிடுச்சு."

"ஏரி மேலயே ஏரி கட்டினீங்களா?"

"நான் எங்க கட்டினேன்? எனக்கு அப்ப மீசையே முளைக்கல."

"காதுல துளி தண்ணி போனாலே நமக்கு உசுரு போகுது. அது எப்படித் தாங்கும்?"

அவர் சிரித்தார். சில சிரிப்புகளை ஆயுசுக்கும் அனுபவிக்க வேண்டியிருக்கிறது.

கண்ணால் காணாத ஒன்றுக்காக வாதாடுவது பக்தர்களின் வழக்கம். அக்காவுக்குக் கடவுளிடம் அப்படியொன்றும் பெரிய நம்பிக்கை கிடையாது. எல்லாவற்றையும் அந்தப் புள்ளிக் கோட்டின்மேல் வைத்துவிட்டார். அவருடைய வாதம் எளிமையானது. அணையின் எந்திரங்களில் பாதி தூங்குகின்றன, மீதி கொட்டாவி விடுகின்றன. ஊருக்குக் கரண்ட் வேறெங்கிருந்தோ வருகிறது. தண்ணீரை வடித்துவிட்டால் காட்டு ஏரி தன் கரையோடு வெளியே வந்துவிடும். இதை அவர் வண்டியில் வைத்தே சொல்லிவந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவனால் காதைப் பொத்திக்கொள்ள முடியாது.

"கிளட்சை மெதுவா விடு. அந்தக் கரையில ஒரு காலத்துல நாணல் ஆளுயரம் நின்னுச்சாம். அங்க என்னடா பாக்கற, ரோட்டைப் பாரு!"

கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பாதிப் பேர் நம்பிக்கையில், பாதிப் பேர் இறங்கினால் போதும் என்று. மனுவுக்கு அக்கா வைத்த தலைப்பு 'மூழ்கியதை மீட்டுத் தருக'. மேலிடத்தில் யாரோ 'மீட்டு' என்ற சொல்லைப் பார்த்ததோடு சரி. தீயணைப்பு மீட்பு நிலையத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்து போன் வந்தது.

"மூழ்கினது ஆணா, பொண்ணா?"

"ஏரிங்க."

"ஏரிலதான், சரி. யாரு?"

"ஏரிதாங்க மூழ்கிடுச்சு."

"எதுல?"

"தண்ணியில."

மறுமுனைக்காரர் குழந்தையிடம் பேசும் குரலுக்கு மாறினார். "வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா போனைக் குடும்மா."

போனை வாங்கிய கணவர், எதற்கும் இருக்கட்டும் என்று, தான் அணையில் வேலை பார்ப்பதைச் சொன்னார். "அப்ப முழுகடிச்சதே நீங்கதானா?" என்றாராம் அந்த மனிதர்.

அக்கம்பக்கத்துக்கு இந்தக் குடும்பம் தீராத வேடிக்கை. புருஷன் அணையில் சோறு தேடுகிறார். பெண்டாட்டி அந்த அணையை இழுத்து மூடச் சொல்கிறாள். யாராவது சீண்டினால் மதகுக்காரர் அசரமாட்டார். "எங்க வீட்டுல ஜனநாயகம்ங்க. அவ பேசுவா, நான் மதகைப் பாத்துப்பேன்."

இப்படியே போயிருக்கும். மதகுக் கதவு துருப்பிடித்து இற்றுப்போனது. அணைக்குப் புதிதாக ஓர் இன்ஜினியர் வந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியவில்லை. இந்த மூன்றில் அக்காவுக்கு மிகவும் தெய்வீகமாகத் தோன்றியது மூன்றாவதுதான்.

கதவை மாற்ற இரண்டு வழி இருந்தது. தண்ணீரை அடிமட்டம் வரைக்கும் இறக்கிவிட்டு மாற்றலாம். அல்லது தண்ணீரை இறக்காமல், முங்கி வேலை செய்கிறவர்களை வரவழைத்து உள்ளேயே மாற்றலாம். முதல் வழியில் போனால் காது ஏரி ஒரு பருவத்துக்காவது வெளியே தெரியும். அக்கா இன்ஜினியருக்குக் காரைப் பின்னோக்கி நகர்த்தச் சொல்லிக்கொடுக்கும் சாக்கில் அவர் மனத்தை முன்னோக்கி நகர்த்தப் பார்த்தார்.

"இறக்கிடலாமே சார்?"

"எனக்கும் அதுதான் தோணுச்சு மேடம். ஆனா உங்க வீட்டுக்காரர்தான் வேணாம்னு ஒத்தைக் கால்ல நிக்கறாரு."

அக்கா மிதித்த மிதியில் கார் நடுச்சாலையில் குத்திட்டு நின்றது. பின்னால் வந்த வண்டிக்காரன் இருவரின் வம்சத்தையும் விசாரித்துவிட்டுப் போனான். "நான் எதையும் தொடவே இல்லையே மேடம்," என்றார் இன்ஜினியர், பரிதாபமாக.

கணவர் வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டுவிட்டார்.

"ஏங்க, தண்ணியை இறக்க வேணாம்னு சொன்னீங்களா?"

கழற்றிய பொத்தான்களை அவர் திரும்பப் போட ஆரம்பித்தார். "சொன்னேன்."

"அணை மேல அவ்வளவு பாசமோ?"

"அது என்ன என் அத்தை மகளா, பாசம் வர? கரை இருக்கு, நாணல் திரும்ப வரும்னு ஊரெல்லாம் சொல்லிவச்சிருக்கே. இறக்கிப் பாத்தா வெறும் சேறா இருந்தா? தெருவுல எவனாவது உன்னைப் பாத்துச் சிரிச்சா நான் எங்க போய் முட்டிக்கறது? தண்ணி மேல நிக்கிற வரைக்கும் உன் ஏரிக்கு ஒரு குறையும் இல்ல."

அதே பயம் அக்காவுக்கும் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை, வண்டியில்கூட. இத்தனை நாள் எதிரி என்று நினைத்த தண்ணீர்தான் தன் மானத்தை மூடிவைத்திருக்கிறது என்பதை, அதன் காவல்காரரே சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று.

"சேறா இருந்தா சேறுன்னே தெரியட்டுங்க," என்றார் கடைசியில். "பாக்காமலே போய்ச் சேந்துட்டா, எதுக்குக் கத்தினேன்னு எனக்கே தெரியாது."

"சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். முதமுதல்ல சிரிச்சது நீங்கதானே. உங்களோடயே குடும்பம் நடத்தலையா?"

மறுநாள் மதகுக்காரர் இன்ஜினியரிடம் போய், இறக்கிவிடலாம் என்றார். மதகைப் பற்றி அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. காரணத்தை மட்டும் இன்ஜினியர் கேட்டார். "யோசிச்சுப் பாத்தேன் சார்," என்றார் இவர். யோசித்தது யார் என்பதைச் சொல்லவில்லை.

தண்ணீர் இறங்க இறங்க ஊர் மலையேறியது. அக்காவிடம் படித்தவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். முதலில் தெரிந்தது சேறுதான். மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்தது போல ஒரு வாடை. கறுத்துப்போன அடிமரங்கள். அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். பேசாத அக்காவை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

பிறகு ஒருநாள் தண்ணீர் இறங்குவது நின்றது. தீர்ந்துபோய் நிற்கவில்லை, தன் கரைக்குள் அடங்கிக்கொண்டது. மேல் வளைவு முழுசாக இருந்தது, சாம்பல் நிறக் கூழாங்கல் கரையோடு. கீழ்ப்பக்கம் வண்டலில் தூர்ந்து, எங்கே ஏரி, எங்கே சேறு என்று சொல்ல முடியவில்லை. நாணல் ஒரு குச்சிகூட இல்லை.

"அக்கா, காது இருக்கு," என்றார் முன்பு சண்டைக்கு வந்த வங்கிக்காரர். "கம்மல் போடற இடம்தான் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காதான் அதிகம் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அதுவரை ஊரில் ஏரியே கிடையாது என்று சண்டை. அன்று முதல் ஏரி அழகா இல்லையா என்று சண்டை. இதை முன்னேற்றம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

எல்லோரும் போன பிறகு, மேலிருந்தே பார்த்துப் பழகிய மதகுக்காரர் முதன்முறையாகக் கீழே இறங்கினார். அக்காவும் கூடப் போனார். கூழாங்கல் கரையில் உட்கார்ந்து கால் சேற்றைக் கழுவியபோது, "கதவு மாத்தினதும் மூட என்னைத்தான் கூப்பிடுவாங்க," என்றார் அவர். அக்கா, "தெரியும்," என்றதோடு விட்டுவிட்டார். மூட வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தால் மதகுக்காரருக்கு வசதியாக இருந்திருக்கும். ஜனநாயகத்தில் எதிர்த்துப் பேச ஏதாவது வேண்டுமே.

கதவு மாற்றி முடியும் தறுவாயில் அவர் இன்ஜினியரிடம் விடுப்புக் கேட்டார். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதியிருந்தார்.

"அன்னைக்குத்தானே மதகை மூடறோம்? வேற ஆளைப் போடணுமே. அப்படி என்ன சொந்த வேலை?"

"ஏரிக்கரையில கொஞ்சம் உக்காரணும் சார். அவளும் வரா."

"மூடினதும் தண்ணி ஏறுமே!"

"ஏறட்டும் சார். ஏற ஏற நாங்க பின்னாடி தள்ளித் தள்ளி உக்காந்துக்கறோம்."