மாதாவும் மாத்தாவும்

நான் ஒரு வடிகட்டின முட்டாள். வாசகர்களுக்கு இது பழைய செய்தி. போன வாரம் கல்கத்தாவில் ஒரு டாக்டருக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் பவானிபூர் கட்டடத்தில் மாடி வீட்டு ஜெயாவின் மகன் செந்தில். மூன்று வயது. கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும்; இன்னும் நிற்கவில்லை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. ‘சாருக்குப் பெங்காலி தண்ணி பட்ட பாடு’ என்று ஒரு வதந்தி உண்டு. (கிளப்பியது நான்தான்.) ஆகவே ஆஸ்பத்திரிக்குத் துணை... நான்!

டாக்டர் பையனைப் பார்த்துவிட்டுப் படபடவென்று பேசினார். கடைசியில் “மாத்தார் சோபி” என்றார். சோபி என்றால் படம். மாத்தா? மாதாதானே!

“அம்மா போட்டோ வேணுமாம். நாளைக்குக் கொண்டு வரச் சொல்றார்” என்றேன் கம்பீரமாக.

ஜெயாவின் முகம் வெளிறிப்போனது. “என் போட்டோ எதுக்கு சார்? அவருக்கும் தெரிஞ்சு போச்சா?”

படியிறங்கும்போது சொன்னாள். கைக்குழந்தையாக இருந்தபோது, அவள் உலையை இறக்கப் போன நேரம், செந்தில் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிட்டானாம். ‘நீ கீழ போட்டதுலதான் புள்ள முடங்கிட்டான்’ — முதலில் மாமியார் சொன்னார். அப்புறம் கணவர். இப்போது அவளே சொல்லிக்கொள்கிறாள்.

மறுநாள் போனோம், போட்டோவுடன். படத்தில் ஜெயா கல்யாணப் பட்டில், கையில் ஸ்டூடியோக்காரரின் காகிதப் பூச்செண்டு. டாக்டர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மொஷாய்! மாத்தா மானே ஹெட்! ஹெட்!” என்று தன் தலையில் அடித்துக்கொண்டார். என் தலையில் அடிக்காதது வங்காளப் பண்பாடு.

அப்புறம் அந்த மெஷின். ஸ்கேனர் என்கிறார்கள்; ஊருக்கே புதுசு. ஒரு பெரிய வளையம். மருந்து குடித்துத் தூங்கிய செந்திலின் தலை அதற்குள் போயிற்று. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. சாயங்காலம் டாக்டர் விளக்குப் பெட்டியில் ஃபிலிமை மாட்டினார் — வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கிய மாதிரி ஒரு குழந்தையின் மூளை! நான் வாயடைத்து நின்றேன். (வீட்டில் நம்ப மறுக்கிறார்கள்.)

டாக்டர் எனக்காக நிதானமாக இங்கிலீஷுக்கு மாறினார். நடுவிலிருக்கும் கறுப்பு — மூளைக்குள் நீர் தங்கும் இடமாம் — இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பெரிதாகியிருக்கிறதாம். சுற்றியுள்ள பகுதி மெலிந்திருக்கிறதாம். “குழந்தை எத்தனாவது மாசம் பிறந்தது?”

“ஏழாம் மாசம்” என்றாள் ஜெயா.

குறைமாதக் குழந்தைகளிடம் பார்க்கிறதுதான் இது. பிறந்த சமயத்திலேயே நேர்ந்திருக்கிறது. விழுந்த அடி இப்படி இருக்காது என்றார். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டுதான் மொழிபெயர்த்தேன்.

“அப்ப... கட்டில்லேர்ந்து விழுந்தது?”

“அதனால இல்லம்மா.”

படம் கால்களை நிமிர்த்திவிடாது. அதையும் டாக்டர் மறைக்கவில்லை — பயிற்சி, பொறுமை, வருஷக்கணக்கு. இருந்தாலும் எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. காரணம் தெரியாத இடத்திலெல்லாம் நாம் ஓர் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அந்த மெஷினுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறதோ, அதை மட்டும் பார்த்துச் சொல்கிறது!

டிராம் வந்தது. ஜெயாவின் இடுப்பில் செந்தில், கையில் அந்தப் பெரிய ஃபிலிம் கவர். ஏற முடியாமல் தடுமாறினாள்.

“கவரைக் குடும்மா, நான் பத்திரமா வச்சுக்கறேன்.”

“நீங்க புள்ளையத் தூக்கிக்குங்க சார். இது என் கையிலயே இருக்கட்டும்.”