மண்ணீரல் ஷெஹாத்தா

எகிப்தின் மன்சூராவில் இறுதியாண்டு மருத்துவ மாணவர்களுக்கு, நோயாளியைத் தொட்டுப் பார்த்து நோயைச் சொல்லும் பரீட்சை வந்துவிட்டால் ஷெஹாத்தாவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். வாலிபத்தில் நெல்வயல் தண்ணீரில் நின்று நின்று உடம்புக்குள் ஏறிய புழுவால் அவருடைய மண்ணீரல் தொப்புள்வரை வீங்கியிருந்தது. தொட்டுப் பழக அதைவிட நல்ல மண்ணீரல் அந்த வட்டாரத்தில் இல்லை என்று பேராசிரியர்களே சொல்வார்கள்.

மனைவி இறந்தாள். மகன் இத்தாலிக்குப் படகேறினான்; அதன்பின் தகவல் இல்லை. வருடம் முழுவதும் ஷெஹாத்தா ஒற்றை அறையில் அவரைக்கொட்டை வேகவைத்துத் தின்று, ரேடியோவோடு பேசிக்கொண்டிருப்பார். பரீட்சை நாட்களில் மட்டும் பிள்ளைகள் அவர் கட்டிலருகே வந்து உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது, எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். கேள்விகள் பாடத்தில் உள்ளவை என்று அவருக்குத் தெரியும். அதனால் என்ன?

உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் விடையை முதலிலேயே சொல்லிவிடுவார். அங்கே எல்லா நோயாளிகளும் அப்படித்தான். “இடது பக்கம் கையை வை. நான் மூச்சை இழுக்கிறேன், விரல்ல வந்து முட்டும். பதறாதே. என் மண்ணீரலைத் தொட்டு டாக்டரானவங்கதான் இந்த ஊர்ல பாதிப் பேரு.” பிள்ளைகளும் அவர் அங்கியைத் தூக்கி, வயிற்றைத் தொட்டு, நன்றி சொல்லிப் போய்விடுவார்கள்.

இந்த வருடம் வெயிலிலும் அவர் கழுத்துத் துணியை அவிழ்க்கவில்லை. இடது காறையெலும்புக்கு மேலே ஒரு கட்டி வந்திருந்தது. கல் மாதிரி இருந்தது, அசையவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. டாக்டர்கள் பார்த்தால் வார்டில் படுக்கப் போட்டுவிடுவார்கள், பரீட்சைக்குக் கூப்பிட மாட்டார்கள். அந்தப் பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அன்று ரிஹாப் என்ற பெண் வந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள், “பெரியப்பா, எதுவும் சொல்லிடாதீங்க. நானே பார்க்கிறேன்” என்றாள்.

“நேரம் போயிடும் டாக்டரம்மா. நேரா வயித்துக்கு வா.”

“தலையிலேர்ந்து கால்வரைக்கும் பார்க்கணும்னு படிச்சிருக்கேன். நடுவுல தாவினா எனக்கு எல்லாம் குழம்பிடும்.”

“உன்னைக் கட்டிக்கப்போறவன் பாவம்” என்றார். அவள் சிரித்துக்கொண்டே உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, அவர் கையை எடுத்து நகங்களைப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்தாள். நாடி பிடித்தாள். இமையை இறக்கினாள், நாக்கை நீட்டச் சொன்னாள். தன் கையை ஒருத்தர் இவ்வளவு நேரம் பிடித்து எத்தனை காலமாயிற்று என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, “துணியை எடுங்க பெரியப்பா, கழுத்தைப் பார்க்கணும்” என்றாள்.

“சளி. காத்து படக்கூடாது.”

“வேண்டாம்னா விட்டுடறேன். ஆனா கழுத்தைப் பார்க்கலைன்னு சார்கிட்ட சொல்லியாகணும்.”

கையை விட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. அவர் தானே துணியை அவிழ்த்தார்.

பின்னால் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டே வந்த விரல்கள் ஓரிடத்தில் நின்றன. மறுபடி அதே இடத்துக்கு வந்தன.

“சொல்லிடாதே மகளே” என்றார் மெதுவாக. “மண்ணீரலைச் சொன்னாலே மார்க் போடுவார். அது போதும் உனக்கு.”

நெஞ்சு, வயிறு, கால் என்று வரிசை மாறாமல் முடித்தாள்.

மார்க் போட வந்த பேராசிரியர் ஃபிக்ரி கதவருகிலேயே நின்று, “நம்ம மண்ணீரல்தானே? சொல்லும்மா, சீக்கிரம்” என்றார்.

ரிஹாப் ஷெஹாத்தாவின் கழுத்தைக் காட்டினாள். “கழுத்துல ஒரு கட்டி இருக்கு சார். முதல்ல அதைச் சொல்லணும்.”

ஃபிக்ரி அருகே வந்து தொட்டுப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கிண்டல் போய்விட்டது. “எப்போலேர்ந்துப்பா இது?”

ஷெஹாத்தா ஜன்னலைப் பார்த்தபடி, “பரீட்சை முடியட்டும்னு இருந்தேன்” என்றார்.

சக்கர நாற்காலி வந்தது. தள்ளிக்கொண்டு போகையில் ரிஹாப் கொஞ்ச தூரம் கூட நடந்தாள். அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், திரும்பி ஓடினாள்.

மேல்மாடி வார்டில் பக்கத்துக் கட்டிலைச் சுற்றி மருமகள்களும் சட்டிகளுமாக ஒரே சத்தம். தாதி அவரிடம் குனிந்து கேட்டாள்.

“வீட்டுல யாருக்குச் சொல்லணும் பெரியவரே?”

அவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

“கீழே பரீட்சை நடக்குதே, அங்கே சொல்லுங்க. என்னைத் தெரியும்” என்றார்.