கார்னிவல் விட்டுப்போன கழுதை

கண்டியில் கழுதை கிடையாது. மன்னாரில் வீதி நெடுக நிற்கும், புத்தளம் பக்கமும் கண்டிருக்கிறேன். எங்கள் மலைக்கு அது ஏறி வருவதில்லை. கேட்பாரற்றுத் திரியும் கட்டாக்காலி மிருகங்களுக்குப் பொறுப்பான எழுதுவினைஞராக ஓர் அலுவலகத்தில் பதினெட்டு வருடம் இருந்த நான், மாட்டுக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் கோப்பு வைத்திருந்தேன். கழுதைக்கு வைத்திருக்கவில்லை. தேவை வரும் என்று யாரும் சொல்லவுமில்லை.

யுத்தம் முடிந்து வடக்குப் பாதைகள் திறந்த சில வருடங்களில், ஒரு சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வெளியே வெற்று நிலமொன்றில் கார்னிவல் போட்டார்கள். ராட்டினம், பஞ்சு மிட்டாய் எல்லாவற்றோடும், பிள்ளைகளை முதுகில் ஏற்றிச் சுற்றுவதற்கென்று ஒரு பெண் கழுதையும் வந்தது. விடுமுறை முடிந்தது. ராட்டினத்தைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் சுற்றினார்கள். கழுதையைக் கம்பத்தில் கட்டியபடியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அது மூன்று நாள் மழையில் நின்ற பிறகுதான் யாரோ தொலைபேசியில் சொன்னார்கள். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"அங்க ஒரு கழுதை நிக்குதாம். அப்புறப்படுத்துங்க."

"எங்க சேர் கொண்டுபோறது?"

"அது உங்க வேலை."

போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறம். சேணம் உராய்ந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். முன்னங்கால் குளம்புகள் வெட்டாமல் வளர்ந்து, நாடகத்து ராஜாவின் செருப்பு மாதிரி நுனி மேலே சுருண்டிருந்தன. என்னைக் கண்டதும் ஒரு காதைத் திருப்பியது. மற்றக் காதையும் திருப்புமளவுக்கு அது என்னை மதிக்கவில்லை.

பிடிபட்ட மாடுகளை அடைக்கும் எங்கள் அலுவலகப் பட்டியில் அன்றைக்கு ஏழு மாடுகள் இருந்தன. அதில் ஒன்று முட்டுகிற சாதி. ஆகவே கழுதையை இரண்டு நாளைக்கு வீட்டில் வைத்திருப்போம் என்று முடிவெடுத்தேன். மனைவியைக் கேட்காமல் என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

எங்கள் வீடு மஹய்யாவையில், ரயில் பாதைக்குக் கீழே. பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையும் கொஞ்சம் சரிவு நிலமும் உண்டு. என் மனைவி வீட்டிலிருந்தே சாரிச் சட்டை தைத்துக்கொடுப்பவள். துணியில் மயிர் ஒட்டும் என்று பூனையைக்கூட வாசற்படி தாண்ட விடமாட்டாள்.

"என்னங்க இது?"

"கழுதை."

"அது தெரியுது. இங்க எதுக்குங்க?"

"ரெண்டே ரெண்டு நாளைக்கு."

"ரெண்டு நாளுன்னா சரி. ஆனா நான் அது பக்கம் திரும்பியும் பாக்க மாட்டேன். தீனி, தண்ணி, சாணி எல்லாம் உங்க பொறுப்பு."

நான் உடுப்பு மாற்றிக்கொண்டு வருவதற்குள் அவள் சுடுதண்ணீர்ச் சட்டியோடு கொட்டகைக்குள் இருந்தாள். புண்ணைக் கழுவிக்கொண்டே கார்னிவல்காரர்களை ஏசினாள். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் கேட்டிராத வார்த்தைகள் சில அதில் இருந்தன. எனக்கென்று சேர்த்துவைத்திருந்தவையோ என்னவோ.

மறுநாள் அரசாங்க மிருக வைத்தியரை அழைத்துவந்தேன். யாழ்ப்பாணத்துப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"மன்னாரில பயிற்சிக்கு நிண்டனான், ஐயா. கழுதையெண்டா எனக்குப் பயமில்லை. ஆனா கண்டியில ஒண்டைப் பார்ப்பனெண்டு நினைக்கேல்லை."

குளம்பை அவர் ஒரேயடியாக வெட்டவில்லை. அப்படிச் செய்தால் நடக்க முடியாமல் போய்விடுமாம். கிழமைக்கொரு தரம் வந்து கொஞ்சம் கொஞ்சமாக அராவினார். போகும்போது என் மனைவியிடம் சொன்னார்:

"ஈரத்தில மட்டும் நிக்க விடாதேங்கோ, அக்கா. மாட்டின்ர தோல் மாதிரி இவையின்ர தோல் மழையைத் தாங்காது. பாண், ரொட்டி எண்டு குடுக்க வேண்டாம். வைக்கோல் போதும்."

அக்கா அதை அப்படியே மனதில் எழுதிவைத்துக்கொண்டாள். பலகை அடித்துத் தரையை உயர்த்தும் வேலை எனக்கு வந்தது. மழைக்குச் சட்டை தைக்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி போய், நெஞ்சு, முதுகு, வயிறு என்று அளந்து, லொறி மூடும் பழைய படங்குத் துணியில் வெட்டினாள். அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாத ஒரே வாடிக்கையாளர் இதுதான் என்றாள். கல்யாணத்துக்குச் சட்டை கேட்டு வந்த இரண்டு பெண்கள், கழுதைச் சட்டை முடியும் வரைக்கும் காத்திருந்தார்கள்.

பெயர் வைக்கவில்லை. "பேரு வெச்சா அப்புறம் போகாது" என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். 'அவ' என்று மட்டும்தான் சொல்வாள். "அவ சாப்பிட்டாளா? அவளுக்குக் கால் துடைச்சீங்களா?" நான் சாப்பிட்டேனா என்று கேட்பது அந்த நாட்களில் குறைந்துதான் போயிருந்தது.

இரண்டு நாள் ஒரு மாதமாயிற்று. புண் ஆறியது, குரலும் திரும்பியது. விடியற்காலை மாத்தளை ரயில் கூவிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மேலாகப் போகும். ஒருநாள் அதற்கு இவள் பதில் சொன்னாள். முதலில் கதவுக் கீல் கிரீச்சிடுவதுபோல ஓர் இழுப்பு. பிறகு யாரோ மரம் அரிவதுபோல உள்ளேயும் வெளியேயுமாக ஒரு நிமிடம். ரயில் போன பிறகும் கடைசி வார்த்தை இவளுடையதாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்ட், சிங்களவர். முப்பது வருடம் ரயில் சத்தத்தில் தூங்கிப் பழகியவர். ஆனால் கழுதைச் சத்தத்துக்குப் பழகவில்லை. என்னிடம் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்குக் கூச்சம். ஆகவே முறைப்படி எங்கள் அலுவலகத்துக்கு மனு எழுதினார். மனு மேலதிகாரியிடம் போய், 'நடவடிக்கை எடுக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதப்பட்டு, கட்டாக்காலி மிருகங்களுக்குப் பொறுப்பான எழுதுவினைஞரின் மேசைக்கு வந்தது. அதாவது என் மேசைக்கு.

என்ன செய்வது? பதினான்கு நாட்களுக்குள் மிருகத்தை அகற்ற வேண்டும் என்று எனக்கே ஓர் அறிவித்தல் எழுதி, கையெழுத்திட்டு, மாலை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனைவி மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தாள்.

"யாருங்க இந்த ஆளு, இவ்வளவு கறாரா எழுதியிருக்கான்?"

"நான்தான்."

"வெளிய வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு எனக்குத் தேநீர் தரவில்லை.

இப்படித்தான் வேறு இடம் தேடத் தொடங்கினோம். அக்குறணையில் எனக்குத் தெரிந்த கருவாட்டு மொத்த வியாபாரி ஒருவர் இருந்தார். வீட்டைச் சுற்றிப் பெரிய வளவு, பேரப்பிள்ளைகள் ஆறேழு பேர். கேட்டதும் சந்தோஷமாகச் சம்மதித்தார். "எங்கட ஊட்டுல எடமா இல்ல? புள்ளைகளும் வெளையாடும்" என்று தன் சின்ன லொறியிலேயே வந்து ஏற்றிப்போனார். போகும்போது மனைவி வெளியே வரவில்லை. தையல் மெஷின் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பார்த்தால் ஊசியில் நூலே இல்லை.

நான்காம் நாள் லொறி திரும்பி வந்தது. முதலாளி முன்னால் இறங்கினார். கண்ணிரண்டும் சிவந்திருந்தன.

"எனக்கு ஏலா, சேர். வந்த நாள்ல இருந்து கேட் கதவுக்கிட்டயே நிக்கிது. ஒண்டும் தின்னுதில்ல. கத்துது, கத்துது. ஊட்டுல ஒத்தருக்கும் தூக்கமில்ல. புள்ளைகளும் அதோட சேந்து அழுகுதுகள்."

அவள் இறங்கி, என்னைக் கடந்து, நேரே போய்த் தையல் அறை ஜன்னலுக்குள் தலையை விட்டாள். மனைவிக்குச் சட்டைத் துணியெல்லாம் மயிராகும் என்ற கவலைகூட அன்றைக்கு வரவில்லை.

எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சிதான். கால அவகாசம் கேட்டு எனக்கே ஒரு விண்ணப்பம் எழுதி, அனுதாபத்தோடு பரிசீலித்து, நானே அனுமதித்தேன். ஆனால் தென்மேற்குப் பருவமழை அதைப் பரிசீலிக்கவில்லை. ஆனி மாதம் முழுக்கப் பெய்தது. பலகையும் ஊறியது, படங்குச் சட்டையும் காயவில்லை. தினமும் இரண்டு வேளை மனைவி கால்களைத் துடைத்து மருந்து பூசியும் ஒரு குளம்பு அழுகத் தொடங்கியது. வைத்தியர் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார்.

"அக்கா, நீங்கள் பார்த்தமாதிரி ஒருத்தரும் பார்க்க மாட்டினம். ஆனா இந்தக் குளிரும் ஈரமும் இவவுக்குச் சரிவராது. தனியவும் இருக்கக் கூடாது. உங்களைத்தான் இப்ப தன்ர கூட்டமெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. மன்னாரில எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் இருக்கு. வாகனத்தில அடிபட்ட கழுதையளைக் கொண்டுவந்து பார்க்கினம். நான் கதைக்கட்டோ?"

மனைவி கையிலிருந்த பழைய சாரித் துண்டால் அந்தக் காலை மறுபடி ஒருமுறை துடைத்தாள். பிறகு, "பேசுங்க, டொக்டர். கால் போனா என்ன பண்றது" என்றாள். குரல் உடையாமல் சொல்லிவிட்டாள்.

கருவாடு ஏற்ற மன்னாருக்கு வெறுமையாகப் போகும் லொறியில் அனுப்பலாம் என்று அக்குறணை முதலாளியே முன்வந்தார். நாலு நாள் மட்டும் வைத்திருந்த வெட்கம் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

புறப்படும் காலையில் அவள் லொறியில் ஏற மறுத்தாள். சாய்த்து வைத்த பலகையில் ஒரு காலை வைத்தாள். டொக் என்று சத்தம் வந்ததும் எடுத்துவிட்டாள். ஒழுங்கைச் சனம் முழுவதும் கூடி ஆலோசனை சொன்னது. ஒருவர் இழுக்கச் சொன்னார், இன்னொருவர் தள்ளச் சொன்னார். நான் இரண்டையும் செய்து சேற்றில் விழுந்தேன். அப்போது பக்கத்து வீட்டுக் கார்ட் இரண்டு கயிற்றுப் பாய்களோடு வந்தார். அவற்றைப் பலகைமேல் விரித்து, சத்தம் வராமல் மிதித்துக் காட்டிவிட்டு விலகி நின்றார். அவள் முகர்ந்து பார்த்தாள். பிறகு ஏதோ தன் சொந்த யோசனையில் ஏறுவதுபோல ஏறிப்போனாள். "பவ்" என்றார் அவர். சிங்களத்தில் பாவம் என்று அர்த்தம். கழுதையைச் சொன்னாரா, சேற்றில் நின்ற என்னைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தை மனைவிக்கு விட்டிருந்தோம். அவள் பின்னால் ஏறி வைக்கோலில் உட்கார்ந்துகொண்டாள். தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தியபோது ஜனம் கூடிவிட்டது. கழுதையின் கழுத்தைப் பிடித்தபடி ஒரு பெண் லொறியில் போவதை யார்தான் பார்த்திருப்பார்கள்? "கண்ணாலம் முடிஞ்சு பொண்ண அழைச்சிட்டுப் போறோம்" என்று அவள் கேட்டவர்களுக்கெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மன்னாரில் வெயில் கொளுத்தியது. பனை மட்டை வேலிக்குள் ஒன்பது கழுதைகள் நின்றன. ஒன்றுக்குப் பாதிக் காது இல்லை, இன்னொன்று மூன்று காலில் நொண்டியது. வீட்டுக்காரரும் மனைவியும் எங்களை வரவேற்றார்கள். எங்களுடையவள் இறங்கி, என் மனைவியின் இடுப்போடு ஒட்டி நின்றாள். பாதிக் காதுக் கிழடு மெதுவாக வந்து மூக்கோடு மூக்கு வைத்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் நாலடி நடந்து, சுடுமணலில் மடங்கி விழுந்து, நாலு காலையும் மேலே தூக்கிப் புரண்டாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். கண்டியில் அவள் ஒரு நாளும் அப்படிப் புரண்டதில்லை. புரளக் காய்ந்த மண் இருக்கவில்லை.

"பாருங்க, என்ன சொகமா இருக்கா" என்று மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

திரும்பும்போது நாங்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்தோம், பின்னால் கருவாடு. மறுநாள் அலுவலகத்தில் நான் கழுதைக்கென்று புதிதாகத் திறந்திருந்த கோப்பை மூடி, 'மிருகம் அகற்றப்பட்டது' என்று எழுதினேன். அந்த ஒரு வரி எழுத அரை நாள் பிடித்தது.

அடுத்த தை மாதம் பார்க்கப் போனோம். வேலிக்கு வெளியே மனைவி செருமினாள், அவ்வளவுதான். கூட்டத்திலிருந்து ஒருத்தி பிரிந்து வந்து அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். குளம்பு நான்கும் நேராக, உறுதியாக இருந்தன. நானும் கையை நீட்டினேன். அவள் முகர்ந்து பார்த்தாள். ஒரு காதைத் திருப்பினாள். முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"என்னைய மறந்துட்டா" என்றேன்.

"அதெல்லாம் மறக்கலீங்க" என்றாள் மனைவி, அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே. "நோட்டீஸ் எழுதுனது யாருன்னு அவளுக்கும் தெரியும்."