இனிக் காசு வேண்டாம் என்றாள் தங்கை

போன வருடம் மார்கழியில் ஒரு நாள். சுவிட்சர்லாந்தின் சோலோதுர்ன் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில், மதிய இடைவேளையில் சாப்பிட உட்கார்ந்தேன். முல்லைத்தீவிலிருந்து தங்கை அழைத்தாள்.

கணவர் யுத்தத்தில் இறந்தபின் இரண்டு பெண் பிள்ளைகளுடன் தனித்துப்போனவள். அன்றிலிருந்து மாதாமாதம் நான்தான் காசு அனுப்பினேன். வீட்டுக் கூரை, கிணறு, பிள்ளைகளின் ரியூஷன் எல்லாம் அதில்தான் நடந்தன. ஊருக்குப் போனால் அனுப்புகிற காசு குறைந்துவிடும் என்று நான் போகவே இல்லை. அவளுடைய இளைய மகளை இன்னும் நேரில் பார்த்ததில்லை.

"என்ன பிள்ளை, எவ்வளவு தேவை?" என்றேன், எடுத்த எடுப்பிலேயே.

"ஒண்டும் தேவையில்லை அக்கா. மூத்தவளுக்கு ஆஸ்பத்திரியில நேர்ஸ் வேலை கிடைச்சிட்டுது. நானும் கோழி வளக்கிறன். இனி நீங்கள் காசு அனுப்ப வேண்டாம்."

சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நல்லது, நல்லது" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அதற்கு மேல் என்ன கதைப்பதென்று தெரியவில்லை. காசுக்கதையை எடுத்துவிட்டால் எங்களுக்குள் வேறு கதையே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்ப வைக்கட்டோ?" என்றேன்.

"வைக்காதேங்கோ அக்கா. வீடியோவைப் போடுங்கோ, முகத்தைப் பாப்பம்."

நான் வீடியோ போடுவதே இல்லை. சமையலறை உடுப்போடு அவள் என்னைப் பார்க்கக்கூடாது என்று நினைப்பேன். அன்று தொப்பியைக் கழற்றிவிட்டுப் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தலை நல்லா நரைச்சுப் போச்சு அக்கா."

"உனக்கும்தான்."

இரண்டு பேரும் சிரித்தோம். என்ன சாப்பாடு என்று கேட்டாள். தட்டைக் காட்டினேன்.

"அவிச்ச உருளைக்கிழங்கோ? உறைப்பு ஒண்டும் இல்லையோ?" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களுக்கு அனுப்பிற காசில டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஒருக்கா வாங்கோ. நான் சமைச்சுத் தாறன்."

வேலைக்குக் கூப்பிட்டார்கள். இன்னும் ஐந்து நிமிடம் தரும்படி எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். அப்படி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது டிக்கெட்டுக்குச் சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காரணமும் இல்லாமல் அழைத்துக் கதைக்கிறோம். காசு அனுப்பிய காலமெல்லாம் அவளோடுதான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டுக் கஷ்டம் தீர்ந்த பிறகுதான், அவள் எனக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்பது தெரிகிறது.