மாடியில் வேண்டாமென்ற தண்ணீர்த் தொட்டி

அன்று இருந்தவர்கள் நான்கு பேர்: பிளான் போட்ட எஞ்சினியர் சாப், என் கூட்டாளி முருகேசன், அவர் மனைவி செல்வி, நான். போர்ட் பிளேர் பஜாரில் கீழே கடைகளும் மேலே எங்கள் வீடுகளுமாகக் கட்டவிருந்த கட்டடத்தின் பிளானைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாவதோடு பள்ளியை விட்ட எனக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் புரிந்தது. நிலம் ஆடினால் பிள்ளைகள் தலையில் விழுந்துவிடுமே என்று பிடிவாதம் பிடித்தேன்.

"தொட்டியைப் பிளான்ல அடிச்சிடுங்க சாப். இல்லேன்னா அண்ணன் நம்மளையும் தூங்க விடமாட்டார்" என்று முருகேசன் சிரித்தார்.

"அப்போ பானி மேல எப்படிண்ணே வரும்?" என்றாள் செல்வி.

"நாலு குடம்தானே தங்கச்சி, தூக்கிட்டாப் போச்சு" என்றேன்.

குடிபோன முதல் மழைக்காலத்திலேயே செல்வி குடத்தோடு படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறாள். பிறகு முருகேசன் தன் காசிலேயே தொட்டியைக் கட்டினார். அது விழவில்லை. என் பயத்தைத்தான் அவள் சுமந்திருக்கிறாள் என்று படியேறும்போதெல்லாம் தோன்றும். தொட்டிச் செலவில் என் பங்கை நீட்டினால் முருகேசன் வாங்குவதில்லை. முந்நூறு ரூபாய் இன்னும் பாக்கி.